அணையாத சிவப்பு விளக்கு

காரின் சாவியைத் திருப்பியதும் மீட்டர் போர்டில் பல விளக்குகள் ஒன்றாக எரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். எல்லாம் அணைந்த பிறகும், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டே இருந்தால் டிரைவருக்கு அன்றைய பொழுது கலவரத்தோடுதான் விடியும். அது பிரேக் விளக்கு.

தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் விடியற்காலையில் புறப்பட்டு மலபார் ஹில்லுக்கும் பாந்திராவுக்கும் போய் முதலாளியின் வண்டியை எடுக்கும் தமிழ் டிரைவர்களுக்கு இது பழகிய சங்கடம். "பிரேக் லைட் எரிகிறது சாப்" என்று சொன்னால், "சலேகா அண்ணா, ஏர்போர்ட் போய்விட்டு வந்து பார்க்கலாம்" என்று பதில் வரும். காரேஜுக்குப் போனால் ஒரு மெக்கானிக் பல்பைக் கழற்றிவிட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் ஏ.பி.எஸ். யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகையைச் சொல்கிறார். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுத் தலையாட்டுவதற்கு முன், பானட்டைத் திறந்து பத்து நிமிடம் பார்த்தால் பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும். அதற்கு டெஸ்ட் லாம்ப் கூட வேண்டாம்.

முந்தைய தலைமுறை டாக்ஸிக்காரர்கள் பிரேக்கைக் காலால் அறிந்தவர்கள். பெடல் எவ்வளவு இறங்குகிறது, எந்தப் பக்கம் வண்டி இழுக்கிறது என்பதை வைத்தே நோய் சொல்லிவிடுவார்கள். 2003 அக்டோபரில் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் மும்பை வீதியை விட்டுப் போயிற்று. இப்போதைய வண்டிகள் விளக்கு மூலம் பேசுகின்றன. ஆனால் விளக்கு சொல்வது அரைகுறைப் பேச்சு. மீதியை இன்றும் கால்தான் சொல்ல வேண்டும்.

ஒரு விளக்கு, பல காரணங்கள்

இந்தச் சிவப்பு விளக்கு ஒன்றேயானாலும் அதை எரிய வைக்கும் இடங்கள் பல. முதலாவது ஹேண்ட் பிரேக் லீவரின் அடியில் உள்ள சிறிய ஸ்விட்ச். இரண்டாவது பிரேக் ஆயில் டப்பாவுக்குள் மிதக்கும் மிதவை. மூன்றாவது, ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் அதன் கம்ப்யூட்டர். 2019-க்குப் பின் விற்பனையான புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதால் இந்த மூன்றாவது காரணம் இப்போது அதிகமாகத் தலைகாட்டுகிறது. மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மலிவானதிலிருந்து ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்.

எதையும் தொடுவதற்கு முன், வண்டி நின்றபடியே பெடலை அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி உறுதியாக நின்றால் நிதானமாகத் தேடலாம். பஞ்சு மாதிரி அமுங்கினால் பைப்பில் காற்று புகுந்திருக்கிறது. ஒரே அழுத்தமாக அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்துவிட்டது. பின் இரண்டு நிலையிலும் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. ஏர்போர்ட் விமானம் தவறினாலும் சரி. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதுவும் கயிறு கட்டியல்ல, தூக்கிச் செல்லும் வண்டியில். பிரேக் இல்லாத காரைக் கயிற்றில் கட்டி இழுத்தால் முன்னால் போகிற வண்டியின் முதுகில்தான் போய் நிற்கும்.

ஹேண்ட் பிரேக்

லீவர் முழுவதும் கீழே இறங்கியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு பல் மேலே நின்றுவிட்ட லீவரோடு செம்பூரிலிருந்து தாணே வரை போய், பின் சக்கரத்தில் தீய்ந்த நாற்றம் வந்த பிறகு விழித்துக்கொண்டவர்கள் உண்டு. லீவர் இடுக்கில் விழுந்த சில்லறைக் காசும், கொட்டிய டீயும் ஸ்விட்ச்சைக் கெடுத்துவிடுகின்றன.

அந்த ஸ்விட்ச் வேலை செய்யும் விதம் எளியது. லீவர் கீழே இறங்கும்போது ஒரு சிறிய குமிழை அழுத்துகிறது. மின்சாரம் தடைபட்டு விளக்கு அணைகிறது. லீவர் மேலே போனால் குமிழ் வெளியே வந்து, ஒயர் வண்டியின் பாடியோடு சேர்ந்து விளக்கு எரிகிறது. ஆகவே லீவரைச் சுற்றியுள்ள உறையைத் தூக்கி, சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, குமிழை விரலால் அழுத்திப் பார்க்கலாம். அழுத்தினால் விளக்கு அணைகிறது, விட்டால் எரிகிறது என்றால் ஸ்விட்ச் நல்லது. லீவர்தான் அதைச் சரியாகத் தொடவில்லை. பிராக்கெட்டைச் சற்று வளைத்தோ நகர்த்தியோ வைத்தால் தீர்ந்தது. அழுத்தியும் அணையவில்லை, ஆனால் ஒயரைக் கழற்றினால் அணைகிறது என்றால் ஸ்விட்ச் போய்விட்டது. அது விலை குறைந்த சாமான். ஒயரைக் கழற்றியும் விளக்கு எரிந்தால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு பானட் பக்கம் போக வேண்டும். லீவருக்குப் பதில் பொத்தான் உள்ள புதுவகை வண்டிகளில் இந்த வேலைக்கு இடமில்லை. அங்கே ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விளக்கு லீவரைத்தான் அறியும், கேபிளை அறியாது. மும்பை மழையில் நான்கைந்து நாள் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் கேபிள் துருப்பிடித்தோ, ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டோ போவது உண்டு. லீவர் இறங்கிவிடும், விளக்கும் அணைந்துவிடும், ஆனால் பின் சக்கரம் விடாமல் உரசிக்கொண்டே வரும். சந்தேகம் வந்தால் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம், சுட்டுவிடும்) எதில் அனல் அதிகம் என்பது தெரிந்துவிடும். நாள்கணக்கில் நிறுத்தும்போது கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது பழைய டிரைவர்களின் வழக்கம். நல்ல வழக்கம்தான்.

ஆயில் டப்பா

பானட்டைத் திறந்தால், பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டை ஒட்டி, வெளிறிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். மேலும் கீழும் இரண்டு கோடுகள். ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்தால் மிதவை இறங்கி விளக்கை எரிய வைக்கும். வளைவில் திரும்பும்போது மட்டும், அல்லது பிளைஓவரில் ஏறி இறங்கும்போது மட்டும் விளக்கு மினுக்கி அணைகிறது என்றால், ஆயில் கீழ்க்கோட்டருகே வந்து டப்பாவுக்குள் அலைபாய்கிறது என்று பொருள். நோயின் முதல் அறிகுறி அது.

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஆயில் குறைவு என்றதும் பெட்ரோல் பம்ப் பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி மேல்கோடு வரை ஊற்றிவிடுகிறார்கள். விளக்கு அணைகிறது, மனம் குளிர்கிறது. ஆனால் பிரேக் ஆயில் என்ஜின் ஆயிலைப் போல எரிந்து குறைவதல்ல, ஆவியாகியும் போவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் அது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். இரண்டே பதில்கள்தான் உண்டு. முன் பிரேக் பேடுகள் தேயத் தேய, அவற்றைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. இது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும், இயற்கையானது. மற்றொன்று ஒழுக்கு. ஒரு வாரத்தில் அரை டப்பா குறைந்தால் அது பேடு தேய்மானமல்ல.

பேடு தேய்ந்து ஆயில் இறங்கியிருக்கும்போது புதிய ஆயில் ஊற்றுகிறவர், வண்டி சொல்ல வந்த சேதியை வாயடைத்து அனுப்புகிறார். பேடு இரும்பு வரை தேய்ந்து டிஸ்க்கை அறுக்கத் தொடங்கும் வரை விளக்கு பிறகு எரியாமலே இருக்கலாம். புதுப் பேடு போடும்போது இன்னொரு கூத்து. பிஸ்டனை உள்ளே தள்ளியதும், ஏற்கெனவே நிறைந்த டப்பா பொங்கி வழியும். பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும் திரவம். முதலாளி வண்டியின் பெயிண்ட் போனால் அந்தக் கணக்கு யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதலில் சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பேடின் கனத்தைப் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுவது வழக்கம்.

பேடு கனமாக இருந்தும் ஆயில் குறைந்தால் ஒழுக்கைத் தேட வேண்டும். இரவில் நான்கு சக்கரங்களுக்கும் அடியில் பழைய பேப்பர் விரித்து வைத்தால் காலையில் கறை சொல்லிவிடும். நடுவில் பேசஞ்சர் பக்கம் சொட்டும் சுத்தமான தண்ணீர் ஏ.சி. தண்ணீர், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பின் சக்கரங்களின் உட்புறம், டயரின் பக்கவாட்டில் வழவழப்பான ஈரம் தெரிந்தால் அது வீல் சிலிண்டரின் வாஷர் ஒழுக்கு. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் லைனர் ஆயிலில் ஊறியிருக்கும். ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்துத் திரும்பப் போடுவது பல இடங்களில் நடக்கிறது. சிக்கனம் அல்ல அது. ஊறிய ஆயில் சூடு ஏறியதும் மீண்டும் கசியும்; ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பும். இரண்டு பக்கமும் புது லைனர் போடுவதே முறை.

கண்ணில் படாத ஒழுக்குகளும் இரண்டு உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் பின்புற வாஷர் தேய்ந்தால் ஆயில் வெளியே சொட்டாது. பின்னால் உள்ள பூஸ்டர் டப்பாவுக்குள் போய்ச் சேரும். பெட்ரோல் வண்டியில் சில சமயம் அதை என்ஜின் உறிஞ்சி, சைலன்ஸரில் வெள்ளைப் புகையாக விடும். ஒழுக்கே இல்லை, ஆயில் மட்டும் குறைகிறது என்று தலையைச் சொறியும் மெக்கானிக்கிடம் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றிப் பின்புறம் பார்க்கச் சொல்லலாம். மற்றொன்று கிளட்ச். ஆயிலால் இயங்கும் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் குடிக்கின்றன. கிளட்ச் ஒழுகினாலும் பிரேக் விளக்குத்தான் எரியும். கியர் விழக் கடினமாக இருந்தாலோ, டிரைவரின் கால்மிதிக்கு மேலே, கிளட்ச் பெடலின் தண்டு ஓரம் ஈரம் இருந்தாலோ அதுதான் காரணம்.

டப்பா நிறைந்திருக்கிறது, ஆனாலும் விளக்கு எரிகிறது என்றால்? மூடியிலோ பக்கத்திலோ உள்ள ஒயர் கப்ளரைக் கழற்ற வேண்டும். விளக்கு அணைந்தால் கோளாறு மிதவையில். வருடக்கணக்கில் மாற்றாத ஆயிலின் கசடு அதை ஒட்டிப் பிடித்திருக்கும். அல்லது மிதவையே ஆயில் குடித்து மூழ்கியிருக்கும். டப்பாவை விரலால் லேசாகத் தட்டினால் சில சமயம் விடுபடும். விடுபட்டதோடு விட்டுவிடாமல் டப்பாவைக் கழுவி ஆயிலை மாற்றுவது நல்லது. சில புதிய வண்டிகளில் கப்ளரைக் கழற்றினாலே கம்ப்யூட்டர் வேறு விளக்கைப் போட்டுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எந்த ஆயில்?

டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்: டாட் 3 அல்லது டாட் 4. எழுதியதைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்தில் என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். டப்பா மூடியின் ரப்பர் உப்பியிருப்பது அதன் அடையாளம். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்றித்தான் தீர வேண்டும். சிறிய பாட்டிலாக, முத்திரை உடையாததாக வாங்குவது நல்லது. மூடி திறந்து மாதக்கணக்கில் டிக்கியில் கிடந்த பாட்டில், நிறைந்திருந்தாலும் குப்பைக்குத்தான்.

காரணம், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. கடலை ஒட்டிய மும்பையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதன் கொதிநிலைக்குத் தரம் விதிக்கும் குறைந்தபட்சம் 140 டிகிரிதான். டாட் 4-க்கு அந்த அளவுகள் 230-ம் 155-ம். கண்டாலாவிலிருந்து கோப்போலி பக்கம் போர் காட் மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. அப்போது மிதவை மேலேயே இருக்கும், விளக்கு எரியாது. விளக்கு எரியவில்லை என்பதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றி ஏர் எடுப்பதும், மலையில் ஏறின கியரிலேயே இறங்குவதும் இதற்குப் பரிகாரம்.

மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்தால்

ஏ.பி.எஸ். என்று எழுதிய மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். அவசர மிதியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இராது. நிதானமாகக் காரேஜுக்கு ஓட்டிச் செல்லலாம். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் விஷயம் வேறு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் பலத்தைப் பங்கிடும் ஏற்பாடும் நின்றுபோயிருக்கலாம். பலமாக மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டி, ஈரச் சாலையில் வண்டி சுழலும்.

இங்கே ஸ்கேனர் இல்லாமல் முடியாது. ஆனால் ஸ்கேனர் சொல்லும் கோடு எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 'முன் இடது சக்கர சென்சார்' என்று வந்தால் உடனே சென்சார் மாற்ற வேண்டியதில்லை. சக்கரத்தருகே வரும் ஒயர் அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம் (மும்பை எலிகளுக்குக் கார் ஒயர் பிரியமான பண்டம்), கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் தேங்கிய தண்ணீரில் ஓட்டியதால் கப்ளரில் பச்சை பூத்திருக்கலாம். கப்ளரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே சில வண்டிகள் குணமாகிவிடும். பியூசும் பேட்டரியும் பார்த்த பிறகுதான் யூனிட் மாற்றும் பேச்சே எழ வேண்டும். பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் ஜோடியாக எரிந்தால் முதலில் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும். ஓடும் என்ஜினில் 14 வோல்ட் அளவில் இல்லையென்றால் கோளாறு பிரேக்கில் இல்லாமலும் இருக்கலாம். சில டீசல் வண்டிகளில் பூஸ்டருக்கு உறிஞ்சு சக்தி தரும் பம்பும் ஆல்டர்னேட்டரோடு இணைந்திருப்பதால், பெல்ட் அறுந்தால் பெடலும் கல்லாகிவிடும்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

"முதலாளி ஓட்டச் சொன்னார்" என்பது டிரைவரைக் காப்பாற்றாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, ஆபத்தான பழுது இருப்பதை அறிந்தோ, சாதாரண கவனம் இருந்தால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவரைத் தண்டிக்கிறது. கண்ணெதிரே எரியும் சிவப்பு விளக்கை அறியவில்லை என்று யாரும் வாதாட முடியாது. 2019-இல் திருத்தப்பட்டபின் அபராதம் 1,500 ரூபாய். அந்தப் பழுதால் விபத்து நேர்ந்து காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே பிரிவு ஓட்டச் செய்தவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே வண்டியின் சொந்தக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

இதனால்தான் அனுபவமுள்ள டிரைவர்கள் வாயால் சொல்வதோடு நிற்பதில்லை. எரியும் விளக்கைச் செல்போனில் படம் பிடித்து, "இன்று காலை முதல் பிரேக் லைட் எரிகிறது, காரேஜில் காட்ட வேண்டும்" என்று முதலாளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மரியாதையான சேதி, தேதியும் நேரமும் அதில் தானாகவே பதிந்துவிடும். பெரும்பாலான முதலாளிகள் எழுத்தில் கண்டதும் வண்டியைக் காரேஜுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள்

சொஸைட்டிக் கடன் போட்டு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கும் குமாஸ்தாக்கள் ஒரு தந்திரத்தை அறிந்திருக்க வேண்டும். பிரேக் விளக்கு எரியும் வண்டி விலை போகாது என்பதால், சில தரகர்கள் விளக்கின் ஒயரை வெட்டியோ, பல்பைக் கழற்றியோ, மேலே கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டியோ விடுகிறார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கையில் மீட்டர் போர்டு பளிச்சென்று இருக்கும். என்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். ஏ.பி.எஸ். விளக்கும் சாவி திருப்பியதும் எரிந்து, சற்று நேரத்தில் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்குத்தான் அங்கே சந்தேகத்துக்குரியது. அந்த வண்டியை லிப்டில் ஏற்றி, நான்கு சக்கரமும் கழற்றிப் பார்க்கத் தரகர் சம்மதிக்கவில்லையென்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடலாம்.